பைட்டாகவே படியுங்கள்

சி மொழியில் தமிழ்க் கோப்பு ஒன்றைப் படிக்க என்ன வழி என்று கேட்டுப் பாருங்கள். கல்லூரி ஆய்வகத்தில் கேட்டாலும் சரி, அலுவலகத்தில் பல வருஷம் சி எழுதியவரிடம் கேட்டாலும் சரி, பதில் யோசிக்காமல் வரும். "கேர் வகை ஆங்கிலத்துக்கு. தமிழ் என்றால் வைட் கேரக்டர். எஃப்கெட்சி இருக்கும் இடத்தில் எஃப்கெட்டபிள்யூசி போடு. எஃப்கெட்எஸ் இருக்கும் இடத்தில் எஃப்கெட்டபிள்யூஎஸ் போடு. மெயினின் முதல் வரியில் செட்லொக்கேலைக் கூப்பிடு. அவ்வளவுதான்."

அவ்வளவு இல்லை. இந்தப் பதில் ஓரளவு சரி, சில இடங்களில் மட்டும் இடறும் என்று சொல்லிச் சமாதானம் ஆகவும் நான் தயாரில்லை. தமிழ்க் கோப்பைப் படிக்கும் வேலையில் வைட் ஸ்ட்ரீம் எந்தச் சிக்கலைத் தீர்ப்பதாகச் சொல்கிறார்களோ அதை அது தீர்ப்பதில்லை. அதைத் தொடாமல் இருந்திருந்தால் வந்தே இருக்காத சிக்கல்களை மட்டும் வரிசையாகக் கொண்டுவருகிறது. யூடிஎஃப்-8 கோப்பைப் பைட்டாகவே படிப்பதுதான் சரி. பழைய கேர் வகையும் பழைய எஃப்கெட்எஸ்ஸும் அதற்குப் போதும்.

முதலில் இந்த யோசனையைத் தாங்கி நிற்கும் நம்பிக்கையைப் பார்ப்போம். யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டாகவும் ஆறு பைட்டாகவும் நீண்டு கிடக்கிறது. டபிள்யூகேர்-டி வகைக்கு மாற்றிவிட்டால் எழுத்துக்கு ஒரு கட்டம் கிடைத்துவிடும், ஐந்தாவது கட்டத்தில் ஐந்தாவது எழுத்து இருக்கும் என்பது அந்த நம்பிக்கை. ஆங்கிலத்துக்கும் ரஷ்ய மொழிக்கும் இது பெரும்பாலும் ஓடிவிடும். தமிழுக்கு ஓடாது. லினக்ஸில் ஒரு டபிள்யூகேர்-டி கட்டத்துக்குள் இருப்பது யூனிகோடின் ஒரு குறியெண், நம் எழுத்தல்ல. "தமிழ்" என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். நமக்கு மூன்று எழுத்து. யூனிகோடுக்கு ஐந்து குறி: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. ஸ்டர்லென் 15 என்று சொல்லும், டபிள்யூசிஎஸ்லென் 5 என்று சொல்லும். மூன்று என்று இரண்டில் எதுவும் சொல்லாது. பதினைந்தைப் பார்த்தவர் ஏதோ தவறு என்று உடனே விழித்துக்கொள்வார். ஐந்தைப் பார்த்தவர் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கடந்துபோவார். அதனால் ஐந்துதான் எனக்கு அதிகம் பயம் தருகிறது.

தமிழ் நெடுங்கணக்கை வைத்தே கணக்குப் போடலாம். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக மொத்தம் 247. இதில் யூனிகோடில் ஒற்றைக் குறியாக இருப்பவை உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய உயிர்மெய் 18, ஆக 31. எஞ்சிய 216 எழுத்துக்கும் குறைந்தது இரண்டு குறி வேண்டும். க் கூட இரண்டுதான்: க, அதன்மேல் ஒரு புள்ளி. நெடுங்கணக்கில் எட்டில் ஏழு பங்கு எழுத்து வைட் கேரக்டரின் ஒரு கட்டத்துக்குள் அடங்காது. ஒரு எழுத்துக்கு ஒரு எண் என்ற ஆசை தமிழ்நாட்டுக்குப் புதிதும் அல்ல. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்து அங்கீகரித்த டேஸ்-16 முறையின் அடிப்படையே அதுதான். அந்த முறையில் எழுதிய கோப்பு என்றால் வைட் கேரக்டர்காரர்கள் சொல்வது பலிக்கும். ஆனால் நம் கைபேசியிலிருந்தும் கணினியிலிருந்தும் அன்றாடம் வரும் கோப்புகள் யூனிகோடில் வருகின்றன.

எஃப்கெட்டபிள்யூஎஸ்ஸிடம் 5 என்ற அளவைக் கொடுத்து, "தமிழ்" என்று தொடங்கும் வரியைப் படிக்கச் சொல்லுங்கள். முடிவுக்குறிக்கு ஓரிடம் ஒதுக்கிவிட்டு நான்கு கட்டத்தை நிரப்பும்: த, ம, இகரக் குறி, ழ. திரையில் வருவது "தமிழ". அடுத்த முறை படிக்கும்போது முதல் கட்டத்தில் அமர்ந்திருப்பது ஒரு புள்ளி, தனக்குக் கீழே எழுத்தே இல்லாமல். பைட்டாகப் படித்தால் எழுத்து நடுவில் அறுபடும் என்பதுதானே இவர்களின் முதல் குற்றச்சாட்டு? வைடாகப் படித்தாலும் அறுபடுகிறது. வெட்டு விழும் இடம் கொஞ்சம் தள்ளியிருக்கிறது. அதைச் சரிசெய்ய எழுத வேண்டிய நிரல் இரண்டிலும் ஒன்றேதான். வெட்டிய இடத்திலிருந்து பின்னோக்கி நகர்ந்து, சார்ந்து நிற்கும் குறிகளைத் தாண்டி, எழுத்தின் தொடக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும்.

"கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாக எழுதிச் சேமிக்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாகவும் வரலாம், எகரக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வரலாம். பார்வைக்கு ஒன்று, யூனிகோடு விதிப்படியும் சமம். ஆனால் டபிள்யூசிஎஸ்சிஎம்பி இரண்டும் வேறு என்று சொல்லும். ஸ்டர்சிஎம்பியும் அதையே சொல்லும். அகரவரிசைக் கதையும் இப்படித்தான். யூனிகோடு வரிசையில் னகரம் நகரத்துக்கு அடுத்து நிற்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து நிற்கிறது. நம் அகராதியில் இரண்டும் கடைசியில் வரும். குறியெண்ணை ஒப்பிடும் எந்த ஃபங்ஷனும், வைடானாலும் குறுகலானாலும், தமிழ் அகராதி வரிசையைத் தராது. யூடிஎஃப்-8 பைட் வரிசையும் குறியெண் வரிசையும் ஒன்றே என்பதால் இந்த விஷயத்தில் ஒன்றைவிட மற்றொன்று மேல் என்றும் சொல்ல முடியாது.

அப்படியென்றால் இந்த வைட் ஸ்ட்ரீம் எதற்குத்தான் வந்தது? வெட்டியாக வரவில்லை. டபிள்யூகேர்-டி 1989ஆம் ஆண்டின் சி தரநிலையிலேயே இருக்கிறது. யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தது. யூனிகோடு பிறப்பதற்கு முன்பே இருந்த வகையை யூனிகோடுக்காகப் படைக்கப்பட்டது என்று மாணவருக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். அன்றைய தலைவலி ஜப்பானிய எழுத்து. ஷிஃப்ட்-ஜிஸ் என்ற குறியாக்கத்தில் ஒரு எழுத்து இரண்டு பைட்டாக வரும், அந்த இரண்டாவது பைட் சாதாரண ஆஸ்கி எண்ணாகவும் இருந்து தொலைக்கும். "சோ" என்ற கத்தகனா எழுத்தின் பைட்கள் 131, 92. இந்த 92 ஆஸ்கியில் பின்சாய்வுக் கோடு. சி மொழியின் சரத்துக்குள் அதற்குத் தனிப் பொருள் உண்டு, டாஸ் கோப்புப் பாதையில் வேறொரு பொருள் உண்டு. ஸ்டர்சிஹெச்ஆரைக் கூப்பிட்டுப் பின்சாய்வுக் கோட்டைத் தேடினால் எழுத்தின் வயிற்றுக்குள் போய் நிற்கும். ஐஎஸ்ஓ-2022-ஜேபி இன்னும் மோசம். அதில் நடுவே வரும் தப்பிப்புத் தொடர் ஒன்று அதற்குப் பிறகு வரும் பைட்களின் அர்த்தத்தையே மாற்றிவிடும். கோப்பின் நடுவில் குதித்து ஒரு பைட்டை எடுத்துக் காட்டினால் அது என்ன எழுத்து என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்தச் சூழலில் பைட்டாகப் படிப்பது உண்மையிலேயே ஆபத்து. கோப்பிலிருந்து வரும்போதே எல்லாவற்றையும் ஒரே அகலமுள்ள கட்டங்களாக மாற்றிவிடு, நடுவில் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதை ஸ்ட்ரீமே நினைவில் வைத்துக்கொள்ளட்டும் என்று யோசித்தவர்கள் சரியாகவே யோசித்தார்கள். எஃப்கெட்டபிள்யூசி உள்ளிட்ட குடும்பம் 1995ஆம் ஆண்டின் திருத்தத்தில் தரநிலைக்குள் வந்தது. ஆனால் அதற்கு மூன்று வருஷம் முன்பே, 1992 செப்டம்பரில், கென் தாம்ஸன் ராப் பைக்கோடு நியூ ஜெர்ஸியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து யூடிஎஃப்-8ஐ வடிவமைத்துவிட்டார். ஷிஃப்ட்-ஜிஸ்ஸின் நோய்கள் ஒன்றுகூட அதற்கு இல்லை. சிகிச்சை தரநிலைக்குள் வருவதற்குள் அந்த நோயே இல்லாத குறியாக்கம் வந்துவிட்டது.

"தமிழ்" என்ற சொல்லின் பதினைந்து பைட்டையும் இறக்கி வைத்துப் பாருங்கள்: 224 174 164, 224 174 174, 224 174 191, 224 174 180, 224 175 141. ஒவ்வொரு குறியும் 224இல் தொடங்குகிறது. பின்னால் வருபவை எல்லாம் 128க்கும் 191க்கும் இடையில் நிற்கின்றன. 128க்குக் கீழே ஒரு பைட்கூட இல்லை, இருக்கவும் முடியாது. வரிமுடிவு 10, டேப் 9, காற்புள்ளி 44, மேற்கோள் 34, பின்சாய்வுக் கோடு 92, இவற்றில் எதுவும் தமிழ் எழுத்துக்குள் ஒளிந்திருக்க வழியே இல்லை. எனவே எஃப்கெட்எஸ் வரியைச் சரியாகப் பிரிக்கும். காற்புள்ளியால் பிரித்த தரவை ஸ்டர்சிஹெச்ஆர் சரியாக வெட்டும். ஸ்டர்ஸ்டர் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேடினால் சரியான குறி எல்லையில்தான் போய் நிற்கும். நீங்கள் எங்கே கை வைத்தாலும் அந்த பைட் குறியின் தலையா வாலா என்று அதன் எண்ணே சொல்லிவிடும். "கல" என்று தேடினால் "கல்"லும் அகப்படும் என்பது உண்மை. வைட் ஃபங்ஷனிலும் அது அகப்படத்தான் செய்யும்.

எழுத்து எண்ணுவதற்கு என்ன செய்வது? இதற்கும் வைட் தேவையில்லை. 128 முதல் 191 வரையிலான பைட்களை விட்டுவிட்டு மற்றவற்றை எண்ணினால் குறிகளின் எண்ணிக்கை வரும். அதிலிருந்து, 224க்கும் 174க்கும் பிறகு 190 அல்லது 191 வரும் இடங்களைக் கழியுங்கள். 224க்கும் 175க்கும் பிறகு 128 முதல் 141 வரையோ 151ஓ வரும் இடங்களையும் கழியுங்கள். கழித்தவை உயிர்க்குறிகளும் புள்ளியும். மிஞ்சுவது எழுத்து. "தமிழ்" என்பதில் ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. க்ஷ, ஸ்ரீ போன்றவற்றை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா என்பது உங்கள் பாடு. அதை எந்த நூலகமும் உங்களுக்காக முடிவு செய்துவிட முடியாது.

இதுவரை சொன்னது வைட் கேரக்டரால் பயனில்லை என்பதற்கு. இனி அது செய்யும் கெடுதல்.

தரநிலைப்படி சி நிரல் எழும்போது "சி" என்ற லொக்கேலில் எழுகிறது. அந்த லொக்கேலுக்கு யூடிஎஃப்-8 தெரியாது. செட்லொக்கேலைக் கூப்பிட மறந்துவிட்டால் எஃப்கெட்டபிள்யூசி முதல் தமிழ்க் குறியிலேயே என்ன செய்யும் என்பது நூலகத்துக்கு நூலகம் மாறும். ஒன்று பிழை என்று கைவிரிக்கும். இன்னொன்று ஒவ்வொரு பைட்டையும் தனி எழுத்தாக்கித் தரும். இரண்டாவது வகையின் விளைவை எல்லோரும் பார்த்திருக்கிறோம்: தலையில் கீற்று வைத்த லத்தீன் எழுத்து ஒன்றும், வட்டத்துக்குள் ஆர் போட்ட பதிவுக் குறியும் வரி முழுக்க மாறி மாறி வரும். 224உம் 174உம் லத்தீன் அட்டவணையில் அவைதான்.

சரி, மறக்காமல் கூப்பிட்டுவிட்டோம். வெற்றுச் சரம் கொடுத்தால் செட்லொக்கேல் சூழல் மாறிகளைப் பார்த்து முடிவு செய்யும். டெர்மினலில் லாங் மாறி யூடிஎஃப்-8 என்று இருக்கும், எல்லாம் ஓடும், உட்கார்ந்து சோதித்தவர் திருப்தியாக எழுந்து போவார். அதே நிரலை ராத்திரி ஓட கிரானில் போடுங்கள். கிரான் கொடுக்கும் சூழலில் அந்த மாறி இல்லாமல் இருப்பது சகஜம். நிரல் மீண்டும் "சி" லொக்கேலுக்குப் போய்விடும். கோப்பு மாறவில்லை, நிரல் மாறவில்லை, ஆனால் காலையில் வெளியீடு காலியாகக் கிடக்கும். கோப்பு எந்தக் குறியாக்கத்தில் இருக்கிறது என்பது கோப்பைப் பற்றிய செய்தி. அதை நிரலை ஓட்டுபவரின் சூழல் மாறியிடம் போய்க் கேட்பதே அடிப்படையில் கோணல். எஃப்ஓபனில் அதைச் சொல்லத் தரநிலை வழி வைக்கவில்லை. அதனால்தான் மைக்ரோசாஃப்டும் லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியும் சிசிஎஸ் என்ற சொந்த நீட்சியை ஆளுக்கொன்றாக வைத்திருக்கின்றன.

லொக்கேல் நிரல் முழுவதுக்கும் பொது என்பது இன்னொரு தொல்லை. ஒரு நூலகம் எழுதுகிறீர்கள் என்றால் அதற்குள்ளிருந்து செட்லொக்கேலைக் கூப்பிடுவது அடுத்தவர் வீட்டு மெயின் சுவிட்சைத் தொடுவது போல. எல்லா வகைக்கும் சேர்த்து மாற்றிவிட்டால் ஜெர்மன் லொக்கேல் உள்ள கணினியில் தசமப் புள்ளி காற்புள்ளியாகிவிடும். ஸ்டர்டிஓடி 3.14ஐ மூன்று என்று படித்துவிட்டுப் புள்ளியில் நின்றுவிடும். தமிழ் படிக்கக் கூப்பிட்ட ஒரு வரி, விலைப்பட்டியலைக் கெடுத்துவிடுகிறது.

இதைவிட எனக்கு ஆத்திரம் தருவது அந்தப் புகழ்பெற்ற வளையம்: எஃப்கெட்டபிள்யூசி தருவது டபிள்யூஈஓஎஃப் ஆகும்வரை படித்துக்கொண்டே போ. பாடப் பிரதிகளில் பார்க்கக் கச்சிதமாக இருக்கும். ஆனால் டபிள்யூஈஓஎஃப் வருவதற்குக் காரணங்கள் பல. கோப்பு முடிந்தாலும் அதுதான் வரும். நடுவில் லொக்கேலுக்குப் புரியாத பைட் வந்தாலும் அதுதான் வரும். இரண்டாவதில் எர்நோவில் ஈஇல்செக் என்ற எண் வைக்கப்படும். வளையம் எழுதியவர் அதைத் திறந்து பார்க்கும் வழக்கம் மிக அரிது.

நடைமுறையில் இது எப்படி வரும் என்று சொல்கிறேன். பழைய வேர்ட் ஆவணத்திலிருந்து யாரோ ஒரு மேற்கோளை ஒட்டியிருக்கிறார்கள். அதிலுள்ள வளைந்த மேற்கோள் குறி யூடிஎஃப்-8 ஆக மாறாமல், விண்டோஸின் பழைய மேற்கத்திய அட்டவணைப்படி 147 என்ற ஒற்றை பைட்டாகவே கோப்புக்குள் வந்துவிட்டது. யூடிஎஃப்-8இல் 147 தனியாக நிற்க முடியாது, அது வால் பைட். நாற்பதாயிரம் வரியுள்ள கோப்பின் 301ஆம் வரியில் அது இருந்தால் வைட் வளையம் அங்கே நிற்கும். எந்தச் சத்தமும் இல்லாமல், வேலை முடிந்த பாவனையில், முந்நூறு வரிக்கான சொற்கணக்கை நிரல் வெளியிடும். அந்த பைட்டைத் தாண்டி எப்படிப் போவது என்று கேட்டால் தரநிலையில் பதில் இல்லை. பைட்டாகப் படித்திருந்தால்? 147 ஒரு எண். அதை விட்டுவிடலாம், மாற்றுக் குறி போடலாம், "301ஆம் வரியில் குப்பை" என்று பயனருக்குச் சொல்லலாம். முடிவு உங்கள் கையில் இருக்கும், மீதி வரிகளும் உங்கள் கையில் இருக்கும்.

ஸ்ட்ரீமின் திசை என்று ஒன்று இருக்கிறது, அதையும் சொல்லியாக வேண்டும். திறந்தவுடன் ஸ்ட்ரீமுக்குத் திசை இல்லை. முதலில் எந்த வகை ஃபங்ஷன் அதைத் தொடுகிறதோ அந்த வகையாகவே அது ஆகிவிடும், மூடும்வரை அல்லது எஃப்ரீஓபனால் மறுபடி திறக்கும்வரை. எஃப்வைட் என்ற ஃபங்ஷன் திசை இல்லாததற்குத் திசை கொடுக்கும். கொடுத்த திசையை மாற்றாது. ஒருவர் வைட் நிரல் எழுதி, ஏதோ தவறு என்று தோன்றி, இடையில் ஒரு சாதாரண பிரிண்ட்எஃப் போடுகிறார். ஜிலிப்சியில் அது முதலில் ஓடினால் வெளியீட்டு ஸ்ட்ரீம் பைட் திசைக்குப் போய்விடும். அதன்பிறகு வரும் டபிள்யூபிரிண்ட்எஃப் எல்லாம் ஒரு எழுத்தும் அச்சிடாமல் மைனஸ் ஒன்றைத் திருப்பித் தரும். பிழையைத் தேடப் போட்ட வரியே வெளியீட்டை விழுங்கிவிட்டது. அவர் இப்போது இரண்டு பிழையைத் தேடுகிறார்.

"சரி, ஆனால் எங்கேயும் ஓடும் நிரல் வேண்டுமே, தரநிலையில் உள்ளதைத்தானே நம்ப முடியும்?" என்று கேட்பவர்கள் உண்டு. டபிள்யூகேர்-டியே சி மொழியில் இடம் மாறினால் குணம் மாறும் வகைகளில் ஒன்று. லினக்ஸிலும் மேக்கிலும் 32 பிட், விண்டோஸில் 16 பிட். 16 பிட்டுக்குள் அடங்காத தமிழ் இருக்கிறதா என்று கேட்டால், இருக்கிறது. 2019இல் வந்த யூனிகோடு 12ஆம் பதிப்பு தமிழ்ப் பின்னக் குறிகளுக்குத் தனித் தொகுதி ஒதுக்கியது. முந்திரி என்ற முந்நூற்றிருபதில் ஒரு பங்கும் அதன் உறவினர்களும் அதில் இருக்கின்றன. 2014இல் வந்த கிரந்தத் தொகுதியைப் போலவே அதுவும் 65,535ஐத் தாண்டிய இடத்தில்தான் இருக்கிறது. பழைய நிலக்கணக்கு ஆவணம் ஒன்றைக் கணினியேற்றும் நிரலில் முந்திரிக் குறி லினக்ஸில் ஒரு கட்டம், விண்டோஸில் இரண்டு கட்டம். யூடிஎஃப்-8இலோ இரண்டு இடத்திலும் அதே நான்கு பைட். விண்டோஸின் பழைய வழக்கப்படி எஃப்கெட்டபிள்யூசி, உரை முறையில் திறந்த கோப்பில் பைட்களை எழுத்தாக மாற்றித் தரும், பைனரி முறையில் திறந்த கோப்பில் இரண்டிரண்டு பைட்டை அப்படியே எடுத்துத் தரும். ஒரே பெயர், இரண்டு வேலை. போதாததற்கு டபிள்யூகேர்-டிக்குள் இருப்பது யூனிகோடுதான் என்றுகூடத் தரநிலை உத்தரவாதம் தரவில்லை. சோலாரிஸில் அது லொக்கேலைப் பொறுத்து மாறியிருக்கிறது.

தரநிலைக் குழுவின் போக்கே ஒரு சாட்சி. 2011இல் கேர்16-டி, கேர்32-டி என்ற புதிய வகைகளைச் சேர்த்தார்கள். டபிள்யூகேர்-டியின் அகலக் குழப்பம் இவற்றில் இல்லை. ஆனால் கேர்32-டியைக் கோப்பிலிருந்து நேரே படிக்க ஒரு ஃபங்ஷன்கூடச் சேர்க்கவில்லை. கையில் இருக்கும் பைட்டை மாற்றிக்கொள்ள எம்பிஆர்டுசி32 போன்றவை மட்டும்தான் வந்தன. வைட் ஸ்ட்ரீம் நல்ல யோசனை என்று எண்ணியிருந்தால் அதன் அடுத்த தலைமுறை அங்கே வந்திருக்க வேண்டும்.

நினைவகத்தைப் பற்றி ஒரு புலம்பல் அடிக்கடி கேட்கிறது, யூடிஎஃப்-8 தமிழுக்கு மூன்று பைட் தின்கிறது என்று. உண்மை. லினக்ஸில் வைட் கேரக்டர் நான்கு தின்கிறது, இடைவெளிக்கும் எண்ணுக்கும் குறியீட்டுக்கும் சேர்த்து நான்கு. "தமிழ்" பைட்டாக 15, வைடாக 20. விண்டோஸில் 10 என்பதை ஒத்துக்கொள்கிறேன். அந்த ஐந்து பைட் லாபத்துக்காக மேலே சொன்ன அத்தனையையும் வாங்கிக்கொள்ள வேண்டுமா என்பதை அவரவர் பார்த்துக்கொள்ளலாம். எஸ்கியூலைட் தன் தரவுத்தளத்துக்கு இயல்பாக எடுத்துக்கொள்வது யூடிஎஃப்-8. ஜிடிகே தன் சரங்கள் எல்லாவற்றையும் கேர் சுட்டியில் யூடிஎஃப்-8 ஆகத்தான் கைமாற்றுகிறது. இவையெல்லாம் சியில் எழுதப்பட்டவை, தமிழை ஒழுங்காகக் கையாளுபவை.

யூடிஎஃப்-8 அல்லாத கோப்பு வந்தால்? வரும். யூனிகோடுக்கு முந்திய தமிழ்க் கோப்புகள் டிஸ்கியில் நிறையக் கிடக்கின்றன. அங்கேயும் வைட் ஸ்ட்ரீம் உதவாது, டிஸ்கிக்கு ஒரு லொக்கேலைத் தேடி அலைய வேண்டும். பைட்டாகப் படித்து, குறியாக்கம் மாற்றும் ஐகான்வ்விடம் கொடுங்கள். ஜிலிப்சியின் ஐகான்வ்வுக்கு டிஸ்கி தெரியும். யூடிஎஃப்-8 ஆக்கித் திருப்பித் தரும். ஒரே நிரலில் ஒரு கோப்பு டிஸ்கி, இன்னொன்று யூடிஎஃப்-8 என்றாலும் பிரச்சினை இல்லை, லொக்கேலைத் தொடவே வேண்டாம். பழைய நோட்பேட் கோப்பின் தலையில் வைத்துவிட்டுப் போன 239 187 191 என்ற மூன்று பைட்டைத் தாண்ட வேண்டியிருக்கும். வைட் ஸ்ட்ரீமிலும் அது 65279 என்ற குறியாக வந்து முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்ளத்தான் போகிறது.

ஓரிடத்தில் மட்டும் வைட் கேரக்டரை விட்டுக்கொடுக்க முடியாது, அது விண்டோஸில் கோப்பின் பெயர். அங்கே கோப்பு முறைமை பெயரை 16 பிட் அலகுகளில் வைத்திருக்கிறது. "கணக்கு.டெக்ஸ்ட்" என்று தமிழில் பெயரிட்ட கோப்பை எந்தக் கணினியிலும் நம்பிக்கையாகத் திறக்க டபிள்யூஎஃப்ஓபன்தான் வழி. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து மைக்ரோசாஃப்டின் சி நூலகம் யூடிஎஃப்-8 லொக்கேலை ஏற்கிறது என்பதால் இதுவும் தளர்ந்துவருகிறது. பழைய கணினிகளையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்றால் பெயரை மட்டும் வைடாகக் கொடுங்கள், முறையைப் பைனரி என்று கொடுங்கள், திறந்த கையோடு எஃப்ரீடில் பைட்டாகப் படிக்கத் தொடங்குங்கள்.